கடல் மின்மினி

ஜப்பான் தேசத்துக் கடலோரங்களில் "உமி ஹொதாரு" என்றொரு ஜந்து உண்டு. கடல் மின்மினி என்பது அப்பெயரின் பொருள். உண்மையில் அது பூச்சியே அன்று. நண்டுக்கும் இறாலுக்கும் தூரத்து உறவு. நீளம் 3 மில்லிமீட்டர்தான். கண்ணாடி போன்ற இரண்டு ஓடுகளுக்குள் உடல் முழுவதும் அடங்கியிருப்பதால், பார்ப்பவர் பொடிச் சிப்பி என்றே நினைப்பர். பகலெல்லாம் கடலடி மணலில் புதைந்து கிடக்கும். இருட்டிய பின் வெளிவந்து செத்த மீனைத் தின்னும். பெண் ஜந்து முட்டைகளை மணலில் விட்டுவிடுவதில்லை. குஞ்சு பொரிக்கும் வரையில் தன் ஓட்டுக்குள்ளேயே சுமந்து திரிகிறது.

எதிரி தீண்டினால், மேலுதட்டுச் சுரப்பிகளிலிருந்து லூசிபெரின், லூசிபெரேஸ் என்னும் இரு பொருள்களை உமிழும். அவை கடல் நீரிலுள்ள பிராணவாயுவுடன் கூடியதும் நீரிலே நீலச் சுடர் பரவுகிறது. பாவம், அதற்குள்ள ஆயுதம் அது ஒன்றுதான்!

உலர்த்திப் பொடி செய்து வைத்தாலும் இந்தச் சக்தி அழிவதில்லை. நீர் பட்டால் மறுபடியும் ஒளிரும். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானிய ராணுவத்தார் இதைச் சேகரித்தனர். சிப்பாய்கள் உள்ளங்கையில் பொடியை நனைத்து, இருளில் தேசப்படம் பார்ப்பதற்காகவாம். உயிர் தப்புவதற்கு இயற்கை அளித்த விளக்கை மனிதன் எதற்குப் பிடிக்கச் சொன்னான் பாருங்கள்!

1945 ஆகஸ்டு 9-ந் தேதி நாகசாகியில் அணுகுண்டு விழுந்தபோது, அருகிலிருந்த இஸஹாயா ஊரில் ஒஸாமு ஷிமோமுரா என்ற பதினாறு வயதுச் சிறுவன் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தான். அந்த வெளிச்சத்தில் அவன் கண்கள் சிறிது நேரம் பார்வையிழந்தன.

பின்னாளில் நாகோயா சர்வகலாசாலையில் பேராசிரியர் ஹிராதா அவரிடம் ஒப்படைத்த வேலை, இந்தப் பொடியிலிருந்து லூசிபெரினைத் தூய படிகமாகப் பிரித்தெடுப்பது. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையார் பல ஆண்டுகள் முயன்றும் கைகூடாத காரியம் அது. மாதக்கணக்கில் ஷிமோமுராவுக்கும் தோல்விதான். 1956-ல் ஓர் இரவு, வேறொரு சோதனைக்காகக் கரைசலில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றி, மறுநாள் சூடாக்கலாம் என்று வைத்துவிட்டுப் போனார். பாடப்புத்தகங்களில் இத்தகைய இரவுகளுக்கு இடம் கிடையாது; ஆகையால் என் வகுப்பில் நானே சொல்லிவிடுவது வழக்கம். காலையில் வந்து பார்த்தால், குழாயின் அடியில் ஊசி ஊசியாகச் சிவந்த படிகங்கள்!

அந்த வெற்றியே அவரைப் பிரின்ஸ்டனுக்கு அழைத்துச் சென்றது. அங்கே அவருக்குக் காத்திருந்தது, ஒளிரும் சொறிமீன். அதில் கண்ட பச்சைப் புரதத்துக்காக 2008-ல் நோபெல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது.