பார்த்தவன் சொல்லித்தான் ஆக வேண்டும்

பெரிய கம்பெனிகளின் வரவேற்பறைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு வாசகம் தொங்கும். தலைப்பு ‘எங்கள் விஷன்’. கீழே வளர்ச்சி, தரம், முதலிடம் என்று நாலு வரி. அதைப் படித்து யாரும் தூக்கம் கெட்டதாகத் தகவல் இல்லை. இதற்கு ஆதாரமாக நிர்வாக குருக்கள் மேடையில் பைபிளையும் துணைக்கு அழைப்பதுண்டு: நீதிமொழிகள், 29ஆம் அதிகாரம், 18ஆம் வசனம். விஷன் இல்லாத ஜனங்களுக்கு அழிவுதான் என்ற பொருளை அதற்குக் கொடுத்தது 1611இல் வெளியான கிங் ஜேம்ஸ் ஆங்கில மொழிபெயர்ப்பு.

மூல எபிரேயத்தில் அங்கே இருக்கும் சொல் ‘ஹஸோன்’. அந்த வசனம் அழிவைப் பற்றிப் பேசவில்லை, கட்டவிழ்ந்து போவதைப் பற்றிப் பேசுகிறது. முடிந்த கூந்தலை அவிழ்த்துவிடுவதற்கும் இதே வினைதான். மோசே மலையில் இருந்தபோது, கீழே பொன் கன்றுக்குட்டி செய்து கூத்தாடிய கூட்டத்தை வர்ணிப்பதற்கும் இதே வினை. ஆக ‘ஹஸோன்’ அடுத்த ஐந்தாண்டுக்கான திட்டம் அல்ல. தறிகெட்டு ஓடும் கூட்டத்தைப் பிடித்து நிறுத்தும் குரல்.

கண்ணால் பார்ப்பதற்கு எபிரேயத்தில் அன்றாடச் சொல் வேறு: ‘ராஆ’. ‘ஹஸோன்’ பிறந்தது ‘ஹஸா’ என்ற இன்னொரு வேரிலிருந்து. சாதாரணக் கண்ணுக்குப் படாததைக் காண்பது என்று பெரும்பாலும் பொருள். தமிழ் பைபிள் இதற்குத் ‘தரிசனம்’ என்ற சொல்லை எடுத்தாண்டது. கோயில் வாசலில் வரிசையில் நின்று பழகியவர்களுக்கு அந்தச் சொல் பரவசத்தையே நினைவூட்டும். அந்த எதிர்பார்ப்போடு ஏசாயாவின் நூலைத் திறப்பவருக்கு அதிர்ச்சி காத்திருக்கிறது. நூலின் முதல் சொல்லே ‘ஹஸோன்’. ஆனால் அந்த அதிகாரத்தில் ஒளிவட்டமோ தேவதூதர்களோ இல்லை. ரத்தக் கறை படிந்த கைகளோடு பிரார்த்தனை செய்யாதீர்கள், அனாதைக்கும் விதவைக்கும் நியாயம் செய்யுங்கள் என்ற கண்டனம்தான் இருக்கிறது. ஜெருசலேம் கோயில் இடிந்ததற்குத் துக்கம் காக்கும் ஆவ் மாத ஒன்பதாம் நாளுக்கு முந்தைய ஓய்வு நாளில், யூதத் தொழுகைக்கூடங்களில் இந்தப் பகுதியை வாசிக்கிறார்கள். அந்த நாளுக்கே ‘ஷபாத் ஹஸோன்’ என்று பெயர்.

இந்தச் சொல்லின் கனத்தை உணர சாமுவேலின் கதை போதும். அந்நாட்களில் ‘ஹஸோன்’ அரிதாக இருந்தது என்றே அந்த அதிகாரம் தொடங்குகிறது. சீலோவில் கிழக் குரு ஏலிக்குப் பார்வை மங்கிக்கொண்டிருக்கிறது. அவருடைய மகன்கள் பலியிடும் இறைச்சியைக்கூட விட்டுவைக்காதவர்கள். அவர் அவர்களைத் தடுக்கவில்லை. அவரிடம் வளரும் சிறுவனுக்கு ஓர் இரவு குரல் கேட்கிறது. ஏலிதான் கூப்பிடுகிறார் என்று மூன்று முறை எழுந்து ஓடுகிறான். கூப்பிடுவது யார் என்று அவனுக்குப் புரியவைத்து, எப்படிப் பதில் சொல்வது என்று கற்றுக்கொடுப்பவரும் ஏலிதான்.

வந்த செய்தி என்ன? ஏலியின் குடும்பம் தண்டிக்கப்படப் போகிறது. விடியும்வரை படுத்திருந்த பையன், வழக்கம்போல ஆலயக் கதவுகளைத் திறக்கிறான். அன்போடு வளர்த்தவரிடம் அதைச் சொல்ல பயம். கிழவர் விடவில்லை. எதையும் மறைக்காதே என்று ஆணையிட்டுக் கேட்கிறார். கேட்ட பின் கோபப்படவில்லை, ஆண்டவர் நினைத்தபடி ஆகட்டும் என்கிறார். குரல் கேட்டது சிறுவனுக்கு. ஆனால் அந்தக் காலையில் பெரிய தைரியம் யாருடையது என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

எல்லோரும் ஏலி ஆகிவிடுவதில்லை. கிறிஸ்து பிறப்பதற்கு எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் பெத்தேலில் ஏழைகளுக்காகக் குரல் எழுப்பிய ஆமோஸை, அரசரின் குரு அமத்சியா ‘ஹோஸே’, அதாவது தரிசி, என்று அழைத்தார். அழைத்த கையோடு யூதாவுக்கு ஓடிப்போய் அங்கே பிழைத்துக்கொள்ளச் சொன்னார். தான் தொழில்முறைத் தீர்க்கதரிசி அல்ல, ஆடு மாடு மேய்த்து அத்திமரம் பராமரிப்பவன் என்றார் ஆமோஸ். இனிப்பாகப் பேசியவர்களுக்கோ எப்போதும் இடம் இருந்தது. அவர்கள் சொந்த மனதின் ‘ஹஸோனை’ விற்கிறார்கள் என்று எரேமியா குற்றம் சாட்டினார். பாபிலோன் படை ஜெருசலேமை அழித்த பிறகு எழுந்த புலம்பல் நூல், பொய்த் தரிசனத்தை அடையாளம் காண ஒரு சோதனையைத் தருகிறது: அது உன் குற்றத்தை உனக்குக் காட்டியதா?

இன்றைய எபிரேயத்தில் இந்த வேர் வீட்டுப் புழக்கத்துக்கு வந்துவிட்டது. வானிலை முன்னறிவிப்பு ‘தஹஸித்’. மேடை நாடகம் ‘மஹஸே’. கம்பெனிகளின் விஷனும் ‘ஹஸோன்’தான். 1948 மே 14இல் வெளியான இஸ்ரேலின் சுதந்திரப் பிரகடனம், தீர்க்கதரிசிகளின் ‘ஹஸோன்’ காட்டும் வழியில் சுதந்திரம், நீதி, சமாதானம் என்று உறுதி கூறியது. எந்த அரசும் யோசித்துக் கொடுக்க வேண்டிய வாக்குறுதி அது. அந்தத் தீர்க்கதரிசிகள் முதலில் கண்டித்தது சொந்த நாட்டு அரசர்களைத்தான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. தரிசியைக் குறிக்கும் ‘ஹோஸே’ என்ற சொல்லை அதே எழுத்துகளில் எழுதினால் இன்று ஒப்பந்தப் பத்திரம் என்றும் பொருள். இரண்டும் ஒரே வேரா என்பது பண்டிதர்கள் விவாதிக்கட்டும். பொருத்தம் என்னவோ கச்சிதம். பார்த்தவன் சொல்லக் கடமைப்பட்டவன். கேட்டவனுக்கும் அந்தப் பத்திரத்தில் ஒரு கையெழுத்து உண்டு. பார்வை மங்கிய ஏலி அதைத் தட்டாமல் போட்டார்.