மொட்டைப் பெட்டிஷன்

2011-ல் நான் ஒரு மொட்டைப் பெட்டிஷன் போட்டேன். எங்கள் அலுவலகத்தில் என்னைவிட ஒன்பது வருடம் ஜூனியரான ஒரு பெண்மணியின் மீது. எழுதியது நான்தான் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது, என் மனைவிக்கும்கூட.

1987-ல் குரூப் 4 தேர்வு எழுதி இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். எங்கள் துறையில் உதவியாளர் ஆவதற்கு அக்கவுண்ட் டெஸ்ட் பாஸ் செய்திருக்க வேண்டும். மே மாதமும் டிசம்பர் மாதமும் தேர்வாணையம் நடத்திவந்த துறைத் தேர்வுகளில் அதுவும் ஒன்று. வெளியில் இருப்பவர்கள் நம்பமாட்டார்கள், அப்போது அது புத்தகத்தைப் பார்த்தே எழுதுகிற தேர்வு. பைனான்சியல் கோட், ட்ரெஷரி கோட் எல்லாவற்றையும் பையில் தூக்கிக்கொண்டு போய் மேசையில் அடுக்கிவைத்து எழுதலாம். ஆனால் எந்த விதி எந்தப் பக்கத்தில் கிடக்கிறது என்று முன்பே பழகியிருக்க வேண்டும். பழகாதவன் மணி அடிக்கிறவரை தாள் புரட்டிக்கொண்டிருப்பான். நான் அப்படித்தான் இரண்டு முறை புரட்டிவிட்டு வந்தேன். பிறகு விண்ணப்பம் போடுவதையே விட்டுவிட்டேன்.

வேலை தெரியாதவன் அல்ல நான். கடிதம், குறிப்பு, அரசுக்கு அனுப்பும் கருத்துரு என்று எந்த வரைவானாலும் என்னிடம்தான் கொடுப்பார்கள். அதிகாரிகள் என் வரைவில் ஒரு கமா மாற்றாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பெருமையே என்னைக் கெடுத்தது. இவ்வளவு தெரிந்தவனுக்குத் தேர்வு எதற்கு என்று வெளியில் பேசினேன். மூன்றாவது முறையும் தோற்றால் அலுவலகம் என்ன சொல்லும் என்பதுதான் உள்ளே இருந்த பயம்.

அந்தப் பெண்மணி 1996-ல் வந்து சேர்ந்தார். தன்பதிவேடு எழுதுவது, நினைவூட்டு எப்போது வைப்பது, நடப்புக் கோப்புக்குப் பக்க எண் போடுவது எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தவை. மதிய இடைவேளையில் டிபன் பாக்ஸை ஒதுக்கிவைத்துவிட்டு, கோட் புத்தகங்களில் துண்டுத் தாள்களைச் செருகி அடையாளம் வைத்துக்கொண்டிருப்பார். ஒருநாள், “சார், நீங்களும் வாங்க, சேர்ந்தே படிச்சிடலாம்” என்றார். “எனக்கெதுக்கும்மா அதெல்லாம்” என்றேன். அன்று நான் போய் உட்கார்ந்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

அவர் முதல் முறையிலேயே பாஸ் செய்தார். 2004-ல் உதவியாளர் ஆனார். என் கோப்புகள் அவர் வழியாக மேலே போகத் தொடங்கின. எல்லோரும் அவரை ‘மேடம்’ என்றார்கள். எனக்கு அந்தச் சொல் வரவில்லை. பழையபடி ‘வாம்மா’ என்றும் கூப்பிட முடியவில்லை. “இதைப் பாருங்க” என்று எந்த விளிப்பும் இல்லாமல் கோப்பை வைத்துவிட்டு வந்துவிடுவேன். ஒருமுறை என் குறிப்பில் ஒரு விதி எண்ணைப் பென்சிலால் வட்டமிட்டு, பக்கத்தில் சரியான எண்ணைச் சிறியதாக எழுதித் திருப்பி அனுப்பினார். மற்றவர் கண்ணில் படக்கூடாது என்றுதான் பென்சிலில் எழுதியிருந்தார். அந்த மரியாதையையும் நான் அவமானமாகவே எடுத்துக்கொண்டேன்.

சம்பளத்தில் எனக்குப் பெரிய குறை இல்லை. ஒரே பதவியில் 10 வருடம் இருந்தால் தேர்வு நிலை, 20 வருடம் இருந்தால் சிறப்பு நிலை. 1997-லும் 2007-லும் அவை எனக்குக் கிடைத்தன. ஊதியம் உயர்ந்தது, நாற்காலி அங்கேயே கிடந்தது. கல்யாண வீடுகளில் மனைவியின் சித்தப்பா, “மாப்பிள்ளை, இன்னும் அதே சீட்டுதானா?” என்று கேட்பார். பதிலாக நான் பொய் சொன்னேன். மேலிடத்தில் ஆள் இருந்தால்தான் பதவி உயர்வு என்றேன். டீக்கடையில் இதைவிடக் கேவலமாகப் பேசினேன். பெண்களுக்கான 30 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவர் என்று அந்தப் பெண்மணியைச் சொன்னேன். நானே பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தவன். அவர் எழுதியதும் நான் எழுதியதும் ஒரே குரூப் 4 தேர்வு. இது தெரிந்தேதான் பேசினேன்.

2011-ல் கண்காணிப்பாளர் பதவி உயர்வுக்கான பேனல் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் அவர் பெயரும் வரவிருந்தது.

அதற்குச் சில மாதம் முன்பு, பணியில் இறந்துபோன ஒரு கடைநிலை ஊழியரின் மனைவி நிலுவைத் தொகைக்காக வந்திருந்தார். முதலில் என் மேசைக்குத்தான் வந்தார். “வரிசைப்படிதாம்மா வரும், போயிட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டேன். அவர் அழுதபடி அந்தப் பெண்மணியிடம் போனார். பெண்மணி அதிகாரியைப் பார்த்துப் பேசி, வாய்மொழி உத்தரவு வாங்கி, அந்தத் தொகைக்கான பில்லை வரிசையை மீறி அன்றே பாஸ் செய்யவைத்தார். அந்த அம்மா கும்பிட்டுவிட்டுப் போனதை நான் என் இருக்கையிலிருந்து பார்த்தேன்.

அதைத்தான் பெட்டிஷனில் எழுதினேன். வரிசையை மீறியது உண்மை, கோப்பு எண்ணும் தேதியும் உண்மை. பணம் வாங்கிக்கொண்டு செய்தார் என்ற ஒரு வரி மட்டும் என் கற்பனை. வேறு ஊர் டைப்பிங் கடையில் அடித்து, அந்த ஊர்த் தபால் பெட்டியிலேயே போட்டேன். பெயர் இல்லாத மனுவைக் குப்பையில் போடுவார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். கோப்பு எண் சரியாக இருந்தால் போடமாட்டார்கள். அது எனக்குத் தெரியும். இருபத்து நான்கு வருடம் நான் கற்ற தொழிலை அந்த ஒரு தாளில் காட்டினேன்.

விசாரணை வந்தது. வாய்மொழி உத்தரவு போட்ட அதிகாரி மாறுதலில் போய்விட்டிருந்தார், எழுத்தில் ஒன்றும் இல்லை. ஒழுங்கு நடவடிக்கை விதி 17(பி)-யின் கீழ் அவருக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்தார்கள். அது நிலுவையில் இருக்கும்போது பேனலில் பெயர் ஏறாது. அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் கண்காணிப்பாளர் ஆனார்கள். அவரைத் தொலைவில் இருந்த ஒரு சார்நிலை அலுவலகத்துக்கு மாற்றினார்கள். மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த வருடம் அது. காலை ஆறரை பஸ்ஸில் போய் இரவு எட்டுக்குத் திரும்புவாராம்.

குறிப்பாணை கைக்கு வந்த அன்று மாலை, அதை எடுத்துக்கொண்டு அவர் என் வீட்டுக்கு வந்தார். “சார், யார் என்மேல இப்படி எழுதினாங்கன்னே தெரியல. எனக்குக் கை ஓடல. உங்க வரைவுன்னா தப்பு இருக்காது. விளக்கத்தை நீங்கதான் எழுதித் தரணும்.” மனைவி காபி போட உள்ளே போனாள். அந்தச் சில நிமிடத்தில் நான் சொல்லியிருக்கலாம். என்னால் சொல்ல முடியவில்லை. மாறாகத் தாளை எடுத்தேன். என் குற்றச்சாட்டுகள் ஒவ்வொன்றுக்கும் நானே பதில் எழுதினேன். எங்கே ஓட்டை என்று எனக்குத் தெரியும், நான் போட்ட ஓட்டைதானே. இரவு பதினொன்றுவரை அடித்துத் திருத்தி நான்கு பக்கம் எழுதினேன். என் வாழ்நாளில் எழுதியவற்றில் சிறந்த வரைவு அதுதான். பிராயச்சித்தம் என்று அப்போது என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். மாட்டிக்கொள்ளக்கூடாது என்ற அச்சமும் அதில் சரிபாதி இருந்தது.

2013-ல் மேல்நடவடிக்கை கைவிடப்பட்டது. அதன்பின் பதவி உயர்வும் வந்தது. நடுவில் போன இரண்டு வருடத்தை எந்த ஆணையும் திருப்பித் தரவில்லை. ‘காசு வாங்கினவங்களாம்’ என்ற பேச்சு அதற்குப் பிறகும் அலுவலகத்தில் காதோடு காதாக ஓடிக்கொண்டிருந்தது. அதை நான் ஒருமுறைகூட மறுத்துப் பேசவில்லை.

2016-ல் இளநிலை உதவியாளராகவே ஓய்வு பெற்றேன். நான் ஓய்வு பெறும் முன்பே என் ஓய்வூதியக் கருத்துருவைப் பிழை பார்த்துச் சரியான நேரத்தில் அனுப்பிவைத்தவர் அவர்.

போன வருடம் அவர் மகளுக்குத் திருமணம். மண்டப வாசலில் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து மேடைக்கே அழைத்துப்போனார். மகளிடம், “அந்த நேரத்துல எனக்குன்னு இருந்தது சார் ஒருத்தர்தான்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “உங்க கையெழுத்துல இருக்கிற அந்த நாலு பக்கத்தையும் இன்னும் பீரோவுலதான் வச்சிருக்கேன் சார்” என்றார். மணமக்கள் இருவரும் என் காலில் விழுந்தார்கள். அட்சதை போட்டேன். கீழே இறங்கி, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன்.