நிலைக்காலும் மீட்புப் படகும்

பெங்களூரின் பழைய விமானநிலையச் சாலையில் உள்ள கார்ல்டன் டவர்ஸ் என்னும் ஏழு மாடிக் கட்டடம் 2010 பிப்ரவரி 23 அன்று புகையால் நிறைந்தது. மின்கம்பிகள் செல்லும் செங்குத்துப் பாதையில் பற்றிய தீயைவிட, அப்பாதை வழியே மேலேறிய புகையே மக்களை வளைத்துக்கொண்டது. படிக்கட்டு வழியாக இறங்க இயலாதவர்கள் சன்னல் கண்ணாடிகளை உடைத்தனர், சிலர் குதித்தனர். ஒன்பது பேர் இறந்தனர். வெளியேறும் வழிகள் அடைபட்டுக் கிடந்தமை பின்னர் பெரும் விவாதமாயிற்று. அந்தத் தீயில் மகனைப் பறிகொடுத்த தந்தை ஒருவர் ‘பியாண்ட் கார்ல்டன்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். தீப்பாதுகாப்பு குறித்து நீதிமன்றம் வரை சென்று கேள்வி எழுப்பியது அவ்வமைப்பு.

அக்கட்டடத்திற்கு அருகிலேயே உள்ளது தொம்மலூர். அங்குள்ள சொக்கநாதசுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் 1270ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒன்று, அழகியார் என்பவர் இரண்டு நிலைக்கால்களைக் கொடையளித்ததைப் பதிவு செய்கிறது. ஒரு வாயிலுக்கு இரண்டு நிலைக்கால்கள், அவ்வளவே. கொடையின் வரலாறு பெரும்பாலும் இத்தகைய சிறு பொருள்களின் வரலாறுதான். ஊரில் எது குறைகிறதோ அதை ஒருவர் வாங்கி வைக்கிறார். பெயர் கல்லில் நிற்கிறது.

இன்றைய பெங்களூரில் அந்தக் குறை எங்கே இருக்கிறது என்பதை 2022 செப்டம்பர் முதல் வாரம் காட்டிக்கொடுத்தது. 4ஆம் நாள் இரவு பெய்த மழையில் யெமலூரும் பெல்லந்தூரைச் சுற்றிய பகுதிகளும் சர்ஜாபுர சாலைக் குடியிருப்புகளும் நீருக்குள் சென்றன. ரெயின்போ டிரைவ், எப்சிலான் போன்ற தனிவீட்டுக் குடியிருப்புகளிலிருந்து மக்கள் டிராக்டர்களிலும் ரப்பர் படகுகளிலும் வெளியேறிய படங்கள் உலகெங்கும் பரவின. விலையுயர்ந்த கார்கள் மிதந்துகொண்டிருக்க, உழவுக்கு வந்த டிராக்டரே நகரத்தின் நம்பகமான வாகனமாயிற்று. அதே நீர் ஏரிக்கரை ஓரங்களில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்கியிருந்த தகரக் கொட்டகைகளுக்குள்ளும் புகுந்தது. அந்தப் படங்கள் அவ்வளவு தொலைவு செல்லவில்லை.

இத்தகைய அனுபவத்துக்குப் பின், குடியிருப்போர் சங்கம் ஒன்று பணம் திரட்டி அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு படகோ, கம்பி அறுக்கும் கருவியோ, உயிர்காப்பு அங்கிகளோ வாங்கித்தர எண்ணினால் அது மிக இயல்பான எண்ணம். ஏளனம் செய்யத் தக்கதன்று. அரசு ஒப்பந்தப்புள்ளி கோரி, கோப்பு நகர்ந்து, பொருள் வந்து சேர்வதற்குள் அடுத்த பருவமழை வந்துவிடும். முந்நூறு வீடுகள் ஒரு மாதப் பராமரிப்புக் கட்டணத்தோடு சிறிது சேர்த்துக் கொடுத்தால் படகு வந்துவிடும். சிக்கல் படகு வந்து சேர்ந்த மறுநாள் தொடங்குகிறது.

மீட்புக் கருவி என்பது வைத்தால் இருக்கும் பொருளன்று. ரப்பர் படகு வெயிலில் கிடந்தால் ஒட்டுகள் விடும்; மடித்தே வைத்தால் மடிப்பில் வெடிக்கும்; இயந்திரத்தை அவ்வப்போது ஓட்டாவிட்டால் தேவைப்படும் நாளில் அது முரண்டு பிடிக்கும். இடிபாட்டில் கம்பியை அறுக்கவும் கதவைப் பிளக்கவும் பயன்படும் ஹைட்ராலிக் கருவிக்கு எண்ணெயும் குழாயும் அடைப்பு வளையங்களும் மாற்ற வேண்டும். கயிற்றுக்கும் இடுப்பு வாருக்கும் ஆயுள் உண்டு. பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் காலம் கடந்தால் கழிக்க வேண்டியவை அவை. புகைக்குள் நுழைபவர் முதுகில் சுமக்கும் காற்று உருளை பெயரளவில் ஏறத்தாழ 30 நிமிடம் தாங்கும். படியேறி, ஆளைத் தூக்கிக்கொண்டு இறங்குபவருக்கு அதற்கும் முன்பே தீர்ந்துவிடும். தீர்ந்த உருளையை நிரப்பத் தூய காற்றை அழுத்தித் தரும் இயந்திரம் வேண்டும். உருளைக்குக் குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை வேண்டும். பத்து உருளைகளைக் கொடுத்துவிட்டு நிரப்பும் இயந்திரத்தை மறந்த கொடை, பத்து முறை மட்டுமே பயன்படும் கொடை.

இதை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்று சொன்னால் வழக்கமான பழம்பெருமையாகத் தோன்றக்கூடும். ஆயினும் சான்று இருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஏரியில் தூர்வாரும் ஓடங்களுக்கான அறக்கொடைகள் காணப்படுகின்றன. பொன்னையோ நிலத்தையோ முதலாக வைத்து, அதன் வருவாயிலிருந்து ஆண்டுதோறும் அந்தப் பணி தொடர வழி செய்தனர். கொடுத்தவர் இறந்த பின்னும் ஓடம் ஓட வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டுக்குள் இருந்த எண்ணம். உத்திரமேரூரில் ஏரியைப் பார்த்துக்கொள்ளவே ஏரி வாரியம் என்று ஒரு குழு இருந்தது. முதல், வருவாய், பொறுப்பேற்கும் குழு ஆகிய மூன்றும் சேர்ந்தே அன்று கொடை எனப்பட்டது. இன்று ரிப்பன் வெட்டும் படத்தில் முதல் மட்டுமே தெரிகிறது.

1736இல் பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளினும் நண்பர்களும் தொடங்கிய யூனியன் தீயணைப்புக் குழுவிலும் இதே கவலையைக் காணலாம். உறுப்பினர் ஒவ்வொருவரும் தோல் வாளிகளையும், வீட்டுப் பொருள்களை அள்ளிச் செல்லப் பைகளையும் தம் செலவில் வைத்திருக்க வேண்டும். வைத்திருந்தால் போதாது, பயன்படும் நிலையில் வைத்திருக்க வேண்டும். மாதக் கூட்டத்துக்கு வராதவர்களிடம் தண்டம் வாங்கினர். அந்தப் பணத்தில் தீயணைப்புப் பொறிகளும் ஏணிகளும் கொக்கிகளும் வாங்கினர். சோம்பல் ஏணியாக மாறிய அந்த ஏற்பாட்டை நம் அடுக்குமாடிச் சங்கங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டங்களுக்குப் பரிந்துரைக்கலாம். வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் ஆண்டுக்கு ஒரு தீயணைப்பு வண்டியே வாங்கிவிடலாம் போலிருக்கும்.

ஆனால் பிலடெல்பியாக் குழுவுக்கும் இன்றைய நிலைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அவர்கள் கருவியை வாங்கியதோடு தாமே தீயை நோக்கி ஓடினார்கள். இங்கே கருவியை ஒருவர் வாங்கித் தருகிறார். அதைச் சுமந்து புகைக்குள் செல்பவர் அரசு ஊழியர். ஆகவே எதை வாங்குவது என்பதை முடிவு செய்யும் உரிமை சுமப்பவருக்கே முதலில் உண்டு. அவருக்குப் பயிற்சியில்லாத கருவி அவருக்கே ஆபத்து. ஏற்கெனவே உள்ள குழாயோடு பொருந்தாத இணைப்பு, அழகான பெட்டிக்குள் கிடக்கும் இரும்பு மட்டுமே.

துறைகளின் பெயர்களும் இங்கே கவனிக்கத் தக்கவை. கர்நாடகத்தில் ‘அக்னிஷாமக மத்து துர்து சேவெகளு’. தமிழ்நாட்டில் ‘தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள்’. கன்னடத்துத் ‘துர்து’ அவசரத்தை, அதாவது நேரத்தைச் சொல்கிறது. தமிழின் ‘மீட்பு’ மீள் என்னும் வேரிலிருந்து வந்தது. பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்பதற்கும், அடகு வைத்த நகையை மீட்பதற்கும், கிணற்றில் விழுந்தவரை மீட்பதற்கும் ஒரே சொல். மீட்கப்படுவது ஏற்கெனவே நமக்குரியது என்ற பொருள் அச்சொல்லுக்குள் இருக்கிறது. யார் ‘நமக்குரியவர்’ என்ற வினாதான் இந்தக் கொடைகளின் உள்ளே மறைந்திருக்கிறது.

ஏனெனில் பணம் திரட்ட வல்ல குடியிருப்புகள் நகரெங்கும் சீராகப் பரவியிருக்கவில்லை. கொடைகளை மட்டும் நம்பினால், மீட்புக் கருவிகளின் வரைபடம் வீட்டு விலைகளின் வரைபடமாகிவிடும். 2024 அக்டோபரில் பாபுசாபாளையத்தில் கட்டிக்கொண்டிருந்த கட்டடம் இடிந்து தொழிலாளர்கள் புதைந்தபோது, இடிபாட்டுக்குள் உயிரைத் தேடும் கருவிகள் தேவைப்பட்டன. அங்கே புதைந்தவர்களுக்குச் சங்கமோ, மாதப் பராமரிப்பு நிதியோ கிடையாது. அரசியலமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணை தீயணைப்புப் பணியை நகராட்சிப் பணிகளுள் ஒன்றாகவே பட்டியலிடுகிறது. குடிநீரைப் போல, சாலையைப் போல அது எல்லோருக்குமான பணி. புதிய உயர்மாடிக் கட்டடங்களின் சொத்துவரியோடு ஒரு விழுக்காடு தீயணைப்புக் கட்டணம் சேர்க்கக் கர்நாடகம் 2023இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. உயரமாகக் கட்டுபவர் உயரமான ஏணிக்குப் பங்களிக்க வேண்டும் என்ற அந்த வாதம் நேர்மையானது. 90 மீட்டர் எட்டும் ஏணி வண்டி ஒன்றை 2022இல் இத்துறை பெற்றபோது அதற்கான செலவு 30 கோடி ரூபாயைத் தாண்டியது. எந்தச் சங்கமும் அதை வாங்கித் தர இயலாது.

அப்படியானால் படகு வாங்கித் தரலாமா? தரலாம். பக்கத்து நிலையத்துக்கே என்று கட்டாமல், எங்கே வைப்பது என்பதைத் துறையிடம் விட்டுத் தரலாம். வாங்கும் முன் நிலைய அலுவலரிடம் சென்று கேட்கலாம். ஐந்தாண்டுப் பழுதுபார்ப்புக்கும் ஆண்டுக்கு இரு பயிற்சி நாள்களுக்கும் உரிய தொகையை முதலிலேயே ஒதுக்கலாம். படகின் மேல் குடியிருப்பின் பெயரை எழுதுவதிலும் தவறில்லை. பிரிட்டனின் உயிர்காப்புப் படகு நிறுவனம் 1824 முதல் நன்கொடையால் இயங்குகிறது. அதன் படகுகள் பலவற்றுக்குக் கொடையாளர்களின் பெயர்களே உண்டு, ஆயினும் கடலில் தத்தளிப்பவர் யாரென்று அவை கேட்பதில்லை.

ஏப்ரல் 14 முதல் ஒரு வாரம் நாடெங்கும் தீயணைப்பு வாரம். 1944இல் அதே நாளில் பம்பாய்த் துறைமுக வெடிப்பில் இறந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக அமைந்தது. அவ்வாரத்தில் ஒரு நிலையத்துக்குச் சென்று ‘உங்களுக்கு என்ன வேண்டும்’ என்று சங்கத்தார் கேட்டால், விடை படகாக இருக்கலாம், காற்று நிரப்பும் இயந்திரமாக இருக்கலாம். ‘உங்கள் குடியிருப்பின் உள்சாலையில் நிற்கும் கார்களை அகற்றுங்கள், எங்கள் வண்டி திரும்ப இடமில்லை, மொட்டைமாடிக் கதவின் பூட்டைக் கழற்றுங்கள்’ என்றும் இருக்கலாம்.