கொள்வினை, கொடுப்பினை

கிரிக்கெட் நடக்கிற மாதங்களில் ரஸிகர்கள் பரம சாதுக்கள். ஆட்டத்தைப் பார்க்கவும், கை தட்டவும், தலையில் கை வைத்துக் கொள்ளவுமே அவர்களுக்குப் பொழுது சரியாக இருக்கும். ஆட்டம் இல்லாத மாதங்களில்தான் அவர்களிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். யாரை வைத்துக் கொள்வது, யாரை அனுப்புவது, யாருக்கு எத்தனை கோடி கொடுப்பது என்று பேச ஆரம்பித்தார்களானால், கல்யாணத்துக்குச் சம்பந்தம் பேசுகிறவர்கள் இவர்களிடம் பிச்சை வாங்க வேண்டும்!

2025-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் தேதி அப்படி ஒரு பேச்சு கிளம்பியது. அன்று சனிக்கிழமை, ஐப்பசி 29. மறு நாள் கடைமுழுக்கு. துலா ஸ்நானத்துக்காக ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் கூட்டம் நெரியும் சமயம். ஆனால் சத்திரம் பேருந்து நிலையத்தில் நான் ஏறிய டவுன் பஸ்ஸிலே காவேரியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. "ஜடேஜாவைக் கொடுத்துட்டாங்களாம்!" என்பதுதான் பேச்சு.

சங்கதி இதுதான். சென்னை சூப்பர் கிங்ஸ் அணி ரவீந்திர ஜடேஜாவையும், இங்கிலாந்துக்காரரான சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்து விட்டு, பதிலுக்கு அங்கிருந்து சஞ்சு சாம்ஸனை வாங்கிக் கொண்டது. ஏலம் கிடையாது, இரண்டு வீட்டார் கூடிப் பேசி முடித்துக் கொண்ட காரியம்.

பஸ் காவேரிப் பாலத்தில் ஏறுவதற்குள் மூன்று கட்சிகள் உருவாகி விட்டன.

முதலாவது, நன்றிக் கட்சி. தலைவர், கையில் பூக்கூடையுடன் நின்றிருந்த ஒரு நடுத்தர வயது மனிதர். "2023-ஐ மறந்துட்டீங்களா?" என்றார். ஆமதாபாத்தில் இறுதி ஆட்டம், மழையினால் நடுநிசி தாண்டி விட்டது. கடைசி 2 பந்தில் 10 ரன் வேண்டும். ஜடேஜா ஒன்றை ஆறுக்கு அனுப்பினார், மற்றதை நான்குக்கு அனுப்பினார். எப்போதும் கல்லுப் பிள்ளையார் மாதிரி இருக்கும் தோனி, அவரை அப்படியே இடுப்போடு தூக்கி விட்டார். அந்தக் காட்சியை நேரில் பார்த்தவர் போலவே பூக்காரர் வர்ணித்தபோது, பக்கத்திலிருந்தவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

இரண்டாவது, கணக்குக் கட்சி. இதில் கல்லூரி மாணவர்கள் அதிகம். "2025-லே பத்து அணியிலே பத்தாவது இடம் சார்! சென்னை சரித்திரத்திலேயே முதல் தடவை. ஜடேஜாவுக்கு 36 வயது, சாம்ஸனுக்கு 31. தோனிக்கு 44. நாளைக்கு விக்கெட்டுக்குப் பின்னாலே யார் நிற்கிறது? நன்றியா வந்து நிற்கும்?" என்று கேட்டான் ஒரு பையன். பதில் சொல்லச் சற்றுச் சிரமமான கேள்விதான்.

மூன்றாவது, 'தலை' கட்சி. அதன் கொள்கை மிகவும் சுருக்கமானது. "தோனிக்குத் தெரியாமலா நடந்திருக்கும்?" அவ்வளவுதான். அதற்கு மேல் வாதமும் கிடையாது, ஆதாரமும் வேண்டியதில்லை.

சத்தம் பொறுக்காமல் கண்டக்டர் விசிலை ஊதினார். "டிக்கெட் எடுக்காதவங்களை அடுத்த ஸ்டாப்பிலே டிரேடு பண்ணிடுவேன்!" என்றார். மூன்று கட்சிகளும் ஒன்றுகூடிச் சிரித்தன.

நேயர்களே, இந்த வியாபாரத்தின் சூட்சுமத்தைக் குடும்பம் நடத்துகிற உங்களுக்கு விளக்குவது சுலபம். ஒவ்வோர் அணிக்கும் வீட்டுச் செலவுக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகை உண்டு. 2026-ஆம் ஆண்டு ஆட்டங்களுக்காக அது 125 கோடி ரூபாய். பணக்கார முதலாளியானாலும் அதற்குமேல் ஒரு காசு செலவழிக்கக் கூடாது. அந்தத் தொகைக்குள் சிலரை வைத்துக் கொள்ளலாம், சிலரை மாற்றிக் கொள்ளலாம், மிச்சத்துக்கு ஏலத்தில் ஆள் பிடிக்கலாம்.

ஜடேஜாவுக்குச் சென்னையில் 18 கோடி. ராஜஸ்தானுக்குப் போனபோது அது 14 கோடியாகக் குறைந்தது. சாம் கரனுக்கு 2 கோடியே 40 லட்சம். சாம்ஸனுக்கு ராஜஸ்தானில் இருந்த அதே 18 கோடி. ஆகவே சென்னையின் கணக்கில் 20 கோடியே 40 லட்சம் போய், 18 கோடி வந்தது. 2 கோடியே 40 லட்சம் மிச்சம்! பெரிய கடை வீதியில் பழைய வெண்கலப் பானையையும் ஒரு செம்பையும் போட்டுப் புது இட்லிக் கொப்பரை வாங்கி வந்து, கையில் சில்லறையும் மீந்தால் நமக்கு எவ்வளவு பெருமை! கணக்குக் கட்சியாரின் பெருமையும் அதே ரகம்தான். ஆனால் அந்த வெண்கலப் பானை நம் பாட்டி பொங்கல் வைத்த பானையாக இருந்து விட்டால்? அங்கேதான் நன்றிக் கட்சி பிறக்கிறது.

எங்கள் பக்கத்து வீட்டில் அந்தக் கட்சிக்குப் பன்னிரண்டு வயது அங்கத்தினன் ஒருவன் இருக்கிறான். எட்டாம் நம்பர் போட்ட மஞ்சள் பனியனைத் தவிர வேறு எதையும் மாலையில் அணியாதவன். அன்று பனியனை நான்காக மடித்து, பீரோவின் அடித்தட்டில் வைத்து விட்டுச் சாப்பிடாமல் படுத்து விட்டான். அவன் பாட்டிக்கு வயது எழுபத்தைந்து. கிரிக்கெட்டில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பேரன் சொல்லிக் கொடுத்ததுதான். ஆனால் அதை அவனுக்கே திருப்பிப் பாடம் சொல்லக் கூடியவள்.

"ஏண்டா அழறே? அவன் முதல்லே எந்த வீட்டிலே ஆடினான்னு நீதானே சொன்னே?"

பையன் முனகினான். "ராஜஸ்தான். 2008-லே. அப்போ அவனுக்குப் பத்தொன்பது வயசு. முதல் கோப்பையே அவாதான் ஜெயிச்சா."

"யாரைத் தோற்கடிச்சு?"

"நம்மளைத்தான்."

"பார்த்தியா! பிறந்தாத்துக்குத் திரும்பிப் போறான். 2012-லே நம்மாத்துக்கு வந்தான், நன்னா வாழ்ந்தான். நடுவிலே ரெண்டு வருஷம் நம்மாம் பூட்டிக் கிடந்தப்போ வேறே ஆத்திலே இருந்துட்டு, கதவு திறந்ததும் வந்தான். பிறந்தாத்துக்குப் போறவாளை அழுதுண்டா அனுப்புவா?"

பாட்டி சொன்ன 'நடுவிலே ரெண்டு வருஷம்' 2016-உம் 2017-உம். சென்னை அணி தடை செய்யப்பட்டிருந்த காலம். 2018-இல் கதவு திறந்தது. ஆனால் காவேரிப் போராட்டம் மும்முரமாக இருந்ததால் சேப்பாக்கத்தில் ஓர் ஆட்டம் மட்டுமே நடந்தது. மற்றச் சொந்த ஊர் ஆட்டங்கள் புனேக்குப் போயின. ரஸிகர்களை ஏற்றிக் கொண்டு சென்னையிலிருந்து ஒரு தனி ரயிலே புனேக்குப் புறப்பட்டது. அந்த வருஷமும் சென்னைதான் ஜெயித்தது!

பேரன் எழுந்து உட்கார்ந்தான். உடனே பாட்டியிடமிருந்து எதிர்பாராத கேள்வி ஒன்று வந்தது.

"அது சரி, போறயான்னு அவனை யாராவது கேட்டாளோ?"

நான் பத்திரிகைக்காரி அல்லவா? விதியை எடுத்துச் சொன்னேன். இரண்டு அணிகள் மட்டும் சம்மதித்தால் போதாது. ஆட்டக்காரரின் எழுத்து மூலமான சம்மதமும் வேண்டும். அது இல்லாமல் யாரையும் மாற்ற முடியாது.

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "தேவலையே! பதினெட்டு வயசிலே கும்பகோணத்திலேர்ந்து என்னை இங்கே கொண்டு வந்தப்போ எங்கிட்டே யார் கையெழுத்து வாங்கினா? காவேரி அங்கேயும் இருக்கு, இங்கேயும் இருக்குன்னு சொன்னா. அவ்வளவுதான்."

சிரித்துக் கொண்டேதான் சொன்னாள். ஆனால் உள்ளே அடுப்படியில் இருந்த மருமகள் கரண்டியைக் கீழே வைத்து விட்டு வாசற்படியில் வந்து நின்றாள். கிரிக்கெட் பேச்சு அதற்கப்புறம் கிரிக்கெட் பேச்சாக இல்லை.

"வந்தவாளையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்கோ" என்று பாட்டி தொடர்ந்தாள். "அந்த சாம்ஸன் திருவனந்தபுரத்துப் பிள்ளை. அங்கே தலைவனா இருந்தவன். இங்கே காலை வைக்கிறதுக்கு முன்னாலேயே, 'பழையவன் மாதிரி வருமா?'ன்னு கேட்டா அவனுக்கு எப்படி இருக்கும்? நான் வந்த புதுசிலே என் ரசத்தை அப்படித்தான் சொன்னா. ரெண்டு வருஷம் ஆச்சு, என் ரசம் இந்தாத்து ரசமாக."

பிறகு அவள் ஸ்ரீரங்கத்துக்காரர்கள் குழந்தையிலிருந்து கேட்டு வளரும் ஒரு கதையைச் சொன்னாள். ராமானுஜர் அப்போது காஞ்சீபுரத்தில் இருந்தார். அவரைத் திருவரங்கத்துக்கு அழைத்து வர வேண்டும். திருவரங்கப்பெருமாள் அரையர் காஞ்சிக்குப் போய் வரதராஜப் பெருமாளின் முன்னால் பாடினார். பெருமாள் மனம் குளிர்ந்து, "என்ன வேண்டும்?" என்று கேட்டார். "ராமானுஜரைத் தர வேண்டும்" என்றார் அரையர். "அதைத் தவிர வேறு கேள்" என்றாராம் வரதர். அரையர் விடவில்லை, கொடுத்த வாக்கை நினைவுபடுத்தினார். பெருமாள் மனசில்லாமல் கொடுத்தார். குருபரம்பரை சொல்லும் கதை இது.

"வரதருக்கே மனசில்லை, பார்த்துக்கோ. நமக்கு வருத்தமா இருக்கிறதிலே தப்பே இல்லை" என்றாள் பாட்டி. "ஆனா அப்படி வந்தவர்தான் இந்தக் கோயில் இன்னிக்கும் நடக்கிற முறைக்கு வழி பண்ணினவர். அவரை இந்த ஊரிலே யாராவது காஞ்சீபுரத்துக்காரர்னு சொல்றாளா?"

கிரிக்கெட்டிலும் திருச்சிக்குக் காஞ்சியிலிருந்து ஒரு வரவு உண்டு என்பது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. 2016-இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீகில் காஞ்சியின் பெயரைத் தாங்கியிருந்த அணி, 2018-இல் திருச்சியின் பெயருக்கு மாறிற்று. ஆட்டக்காரர் மட்டுமல்ல, சமயத்தில் அணியே குடி பெயர்கிறது!

ஒரு மாதம் கழித்து, டிஸம்பர் 16-ஆம் தேதி அபுதாபியில் ஏலம். அன்று மார்கழி முதல் தேதி.

"மார்கழியிலே கொள்வினை கொடுப்பினை கூடாதேடா!" என்று பாட்டி பதறினாள்.

"அபுதாபியிலே மார்கழி கிடையாது பாட்டி" என்றான் பேரன்.

கையில் சுத்தியலுடன் ஏலத்தை நடத்தியவர் மல்லிகா சாகர் என்ற பெண்மணி. கோடீசுவரர்கள் கையைத் தூக்குவதும் இறக்குவதும் அந்த அம்மாளின் பார்வைக்குக் கட்டுப்பட்டு நடந்தது. பாட்டிக்கு அதில் பரம திருப்தி. ஆஸ்திரேலியாவின் கேமரூன் கிரீனைக் கல்கத்தா அணி 25 கோடியே 20 லட்சத்துக்கு எடுத்தது. சென்னையிடம் மீதியிருந்தது 43 கோடியே 40 லட்சம். அதில் இரண்டு இளைஞர்களுக்குத் தலைக்கு 14 கோடியே 20 லட்சம்! உத்தரப் பிரதேசத்தின் பிரசாந்த் வீர், வயது 20. ராஜஸ்தானத்தின் கார்த்திக் சர்மா, வயது 19. இருவருக்கும் ஆரம்ப விலை 30 லட்சம்தான். இந்தியாவுக்காக ஓர் ஆட்டமும் ஆடாதவர்களுக்கு அதுவரை இவ்வளவு விலை கொடுக்கப்பட்டதில்லை. அதே ஏலத்தில், 2024-இல் பெங்களூரில் நியூஸிலாந்துக்கு எதிராக 150 ரன் அடித்த சர்பராஸ் கானை முதல் சுற்றில் யாருமே கேட்கவில்லை. பிறகு சென்னை 75 லட்சத்துக்கு எடுத்துக் கொண்டது. கடை மூடும் நேரத்தில் நல்ல புடவை மலிவாகக் கிடைப்பதில்லையா, அந்த மாதிரி!

வீட்டில் மறுபடியும் தர்க்கம் மூண்டது. பிரசாந்த் வீர் இடது கையால் சுழற்பந்து போடுகிறவர், மட்டையும் பிடிப்பவர். ஜடேஜாவின் இடத்துக்குத்தான் என்று பையனுக்குப் புரிந்து விட்டது. "ஜடேஜாவை விட இருபது லட்சம் ஜாஸ்தி!" என்று குமுறினான்.

இத்தனை நாளும் பேசாதிருந்த அவன் அக்கா அப்போது வாயைத் திறந்தாள். வயது பதினான்கு. பள்ளிக்கூடத்தில் பையன்களுக்குப் பந்து போடுகிறவள்.

"நவம்பர் 2-ஆம் தேதி நம்ம பெண்கள் தென்னாப்பிரிக்காவை 52 ரன்லே ஜெயிச்சு உலகக் கோப்பையே வாங்கினா. பஸ்ஸிலே யாராவது சண்டை போட்டாளா, ஹர்மன்பிரீத்துக்காக?" என்று என்னைக் கேட்டாள்.

போடவில்லை. அந்தப் பஸ்ஸில் மூன்று கட்சிகள் இருந்தன. நான்காவது கட்சி இல்லை. பெண்களுக்கான பிரீமியர் லீக் 2023-இல் ஆரம்பித்தபோது மும்பை, டில்லி, பெங்களூர், குஜராத், உத்தரப் பிரதேசம் என்று ஐந்து அணிகள். சென்னைக்கு இடமில்லை. 2024 டிஸம்பரில் பெங்களூரில் நடந்த ஏலத்தில், மதுரையில் பிறந்த பதினாறு வயது கமலினியை 1 கோடியே 60 லட்சத்துக்கு மும்பை எடுத்துக் கொண்டது. நம் பெண்ணுக்கு நாம் கை தட்ட வேண்டுமென்றால், மும்பையின் நீலப் பனியனுக்குத்தான் கை தட்ட வேண்டும்.

"அதனாலே என்ன? நானும் கும்பகோணத்துப் பெண்தானே?" என்றாள் பாட்டி. அக்காவுக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. எனக்கும்தான்.

ஒரு விஷயம் மட்டும் நிச்சயம். பஸ்ஸில் கத்துகிறவர்களால்தான் இந்தக் கோடிகள் எல்லாம் உண்டாகின்றன. யாருக்காக ஊர் சண்டை போடுகிறதோ, அவர்களுக்காகத்தான் சுத்தியல் உயருகிறது. ஜடேஜாவுக்காகப் பட்டினி கிடக்கிற பையன் வீட்டுக்கு வீடு இருக்கிறான். கமலினிக்காக யாராவது ஒரு வேளை காபியையாவது தியாகம் செய்ய வேண்டாமா?

பனியன் பீரோவின் அடித்தட்டிலிருந்து மார்கழி முடிவதற்குள் வெளியே வந்து விட்டது. அக்காதான் கேட்டு வாங்கிக் கொண்டாளாம். எட்டாம் நம்பரைப் பற்றி அவளுக்கு அக்கறை இல்லை. பந்து போட அது சௌகரியமாக இருக்கிறது என்று சொல்கிறாள்.