நத்தார் சந்தையில் ஒரு முஸ்லிம் டீச்சருக்கு என்ன வேலை?



ராத்தாவின் குடும்பம் பிரான்ஸில் இருப்பது நம்மூரில் அநேகருக்குத் தெரியும். அதிபரின் கையொப்பம், வலயக் கல்வி அலுவலகம் என்று அலைந்து வெளிநாட்டு லீவு எடுத்து, சென்ற டிசம்பரில் இரண்டு வாரம் அங்கே போய் வந்தேன். அங்கிருந்து குடும்ப வட்ஸ்அப் குழுமத்தில் ஒரு போட்டோ போட்டிருந்தேன். பின்னால் பெரிய தேவாலயம், முன்னால் விளக்குப் போட்ட மரக்கடைகள், நடுவில் பர்தாவோடு நான். அது எப்படியோ நாலு குழுமம் தாண்டிப் போய்விட்டது. ஊருக்கு வந்ததில் இருந்து ஒரே கேள்வி. "டீச்சர், நத்தார் சந்தையில உங்களுக்கு என்ன வேலை?"

கேட்டவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் ஆலிமா இல்லை. கண்டதையும் நினைத்ததையும் மட்டும் சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராத்தா இருப்பது ஸ்ட்ராஸ்பேர்க் நகரத்தில். ரைன் நதியைக் கடந்தால் ஜேர்மனி. பழைய நகரம் ஓர் ஆற்றின் இரண்டு கிளைகளுக்கு நடுவில் தீவு மாதிரி இருக்கிறது. அதன் நடுவில்தான் அந்தப் பேராலயம். இளஞ்சிவப்புக் கல்லில் கட்டியது. 1439இல் முடித்த கோபுரத்தின் உயரம் 142 மீற்றர். 1647 முதல் 1874 வரை உலகத்திலேயே உயரமான கட்டடம் அதுதான். ஜோடிக்கு இன்னொரு கோபுரம் கட்ட நினைத்தார்களாம், கட்டவேயில்லை. ஒற்றைக் கொம்பு மாடு போல நிற்கிறது.

சந்தை 1570இல் இருந்து நடக்கிறது. அதற்கு முன் அது புனித நிக்கலஸின் பெயரில் நடந்த சந்தை. அந்தக் காலத்தில் நகரம் புரட்டஸ்தாந்து வழிக்குப் போனதால், புனிதர்களைக் கொண்டாடுவது சரியில்லை என்று சொல்லி, கிறிஸ்துக் குழந்தையின் சந்தை என்று பெயரை மாற்றினார்கள். இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம்மூரில் கந்தூரி பற்றி நடக்கிற சண்டை, அவர்களுக்குள் 450 வருடத்துக்கு முன்னாலேயே நடந்திருக்கிறது.

என்ன சாப்பிட்டேன் என்பது உம்மாவின் முதல் கேள்வி. வைனைச் சூடாக்கி விற்கிறார்கள், பன்றி இறைச்சியும் விற்கிறார்கள். அது அவர்கள் பாடு. நாங்கள் சுட்ட கஷ்கொட்டை வாங்கினோம், சூடான ஆப்பிள் சாறு குடித்தோம். கறுவா, கராம்பு, சாதிக்காய் வாசம் தெருவெல்லாம். கண்ணை மூடினால் பெருநாளைக்கு முதல் நாள் வட்டிலப்பம் அவிக்கிற நம்ம குசினி.

பேராலயத்துக்குள்ளே ஒரு வானியல் மணிக்கூடு இருக்கிறது. கணிதம் படிப்பிக்கிற நான் அதைப் பார்க்காமல் வரமுடியாது. 1843இல் முடித்த இயந்திரம். பற்சக்கரங்களை மட்டும் வைத்து, ஒவ்வொரு வருடமும் ஈஸ்டர் எந்தத் தேதியில் வரும் என்று தானே கணித்துக் காட்டும். ஈஸ்டரும் நம்ம பெருநாள் போலப் பிறையோடு சம்பந்தப்பட்டது, அதனால்தான் வருடாவருடம் தேதி மாறுகிறது. ராத்தாவின் மகளுக்கு அதை விளங்கப்படுத்திக்கொண்டிருந்த நான், அந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டேன்.

ஈஸ்டர் என்ற சொல்லைக் கேட்டால் நமக்கு வேறொன்றும் ஞாபகம் வரும்தானே. 2019 ஏப்ரல் 21. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சியோன். 260க்கும் மேற்பட்ட உயிர்கள். அதைச் செய்தவர்கள் நம் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிச் செய்தார்கள்.

அந்த நகரத்துக்கும் அப்படி ஒரு நாள் இருக்கிறது. 2018 டிசம்பர் 11 இரவு, அதே நகரத்தில் பிறந்து வளர்ந்த ஒருவன் சந்தைத் தெருக்களில் துப்பாக்கியாலும் கத்தியாலும் தாக்கினான். ஐந்து பேர் மரணித்தார்கள். அதில் ஒருவர் ஆப்கானிஸ்தானில் யுத்தத்துக்குத் தப்பி வந்த வாகன மெக்கானிக். மூன்று பிள்ளைகளின் வாப்பா. முஸ்லிம். நத்தார் சந்தையில் ஒரு முஸ்லிமுக்கு என்ன வேலை என்று அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் அந்த ஊர்க்காரர், அவ்வளவுதான்.

மூன்று நாள் கழித்து, 14ஆம் தேதி சந்தையைத் திரும்பத் திறந்தார்கள். இப்போது பாலத்தடியில் பொலிஸார் நின்று பைகளைப் பார்க்கிறார்கள். வரிசையில் நிற்கும்போது எனக்கு நெஞ்சு படபடத்தது. 2019க்குப் பிறகு நம் நாட்டில் பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், கந்தோர் வாசலில் பர்தாவோடு நின்ற எந்தப் பெண்ணுக்கும் இது விளங்கும். எனக்கு முன்னால் நின்ற வெள்ளைக்கார மூதாட்டியின் பையைத் திறந்து பார்த்த பொலிஸ் பெண், என் பையையும் அதேபோல் திறந்து பார்த்து, வணக்கம் சொல்லி அனுப்பினாள்.

பிரான்ஸ் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. 2004இல் இருந்து அங்கே அரச பாடசாலைகளில் பிள்ளைகள் தலையை மூடக்கூடாது என்று சட்டம். ஆசிரியைக்கும் தடை. இந்த உடுப்போடு அங்கே எனக்கு ஒரு வகுப்பு கிடைக்காது. ராத்தாவின் மகள் சொன்னாள்: "கேற்றுக்கு முன்னால கழட்டுவன் சாச்சி, வெளிய வந்ததும் போடுவன்." அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

ஆனால் எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது அந்த நகரத்தின் ஒரு பழைய கதை.

1349ஆம் ஆண்டு ஐரோப்பாவில் கொள்ளை நோய். கிணறுகளில் யூதர்கள் நஞ்சு போடுகிறார்கள், அதனால்தான் சனம் சாகிறது என்று வதந்தி பரவியது. அந்த வருடம் பெப்ரவரி 14இல் ஸ்ட்ராஸ்பேர்க்கில் நூற்றுக்கணக்கான யூதர்களை உயிரோடு எரித்தார்கள். அப்போது நோய் அந்த நகரத்துக்கு வந்திருக்கவே இல்லை. வதந்திதான் முதலில் வந்தது. பிறகு அவர்கள் அங்கே குடியிருக்கவே தடை. பகலில் வரி கட்டிவிட்டு வந்து வியாபாரம் செய்யலாம். மாலையில் பேராலயத்தின் மேலே இருந்து கொம்பு ஊதுவார்கள். அந்தச் சத்தம் கேட்டால் வெளியேறிவிட வேண்டும். பிரெஞ்சுப் புரட்சிக் காலம் வரைக்கும் இந்த நிலைதான்.

மச்சான் இதைச் சொன்னபோது, "தண்ணீரில் நஞ்சு" என்ற இடத்தில் நானும் ராத்தாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

2020இல் நம் ஜனாஸாக்களை எரித்ததற்குச் சொன்ன காரணம் என்ன? மையித்தை அடக்கினால் நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்பது. உலக சுகாதார நிறுவனம் அடக்கலாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. 2021 பெப்ரவரி கடைசியில்தான் அனுமதி வந்தது, மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கத் தொடங்கினார்கள். 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. நாம் யாரும் அந்த நாட்களை மறக்கவில்லை. மறக்கவும் வேண்டாம்.

ஆனால் அதே நாட்களில் நடந்த இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 2020 டிசம்பரில், பிறந்து இருபதே நாளான ஒரு பச்சைக் குழந்தையை எரித்த பிறகு, பொரளை மயான வேலியில் எல்லா இனத்தவரும் வந்து வெள்ளைத் துணி கட்டினார்கள். என்னோடு கல்வியியற் கல்லூரியில் படித்த ஒரு கிறிஸ்தவ டீச்சர் மட்டக்களப்பில் இருக்கிறா. அந்த நத்தாருக்கு அவவின் வீட்டு வாசலில் நட்சத்திரக் கூட்டுக்குக் கீழே ஒரு வெள்ளைத் துணி தொங்கியது. அப்போது சியோனில் குண்டு வெடித்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அவவுக்குத் தெரிந்த பிள்ளைகளும் அதில் போனார்கள். அவ எனக்குப் போன் எடுத்துப் பெரிதாக ஒன்றும் கதைக்கவில்லை. "உங்கட மையித்துக்கு நாங்களும் அழுறம்" என்று மட்டும் சொன்னா.

மட்டக்களப்பில் நம்மையும் தமிழரையும் புட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று சொல்வோம். உண்மையில் இப்போது நம் உறவு எப்படி இருக்கிறது? நத்தாருக்கும் தீபாவளிக்கும் நம் கடைகளில் அவர்கள் உடுப்பு எடுக்கிறார்கள். அவர்களின் தயிரும் மரக்கறியும் நம் சந்தைக்கு வருகிறது. பகலில் சிரித்துக் கதைக்கிறோம். பொழுது பட்டதும் அவரவர் ஊருக்குப் போய்விடுகிறோம். கொம்பு ஊத நம்மிடம் ஆள் இல்லை, ஆனாலும் போய்விடுகிறோம். ஒரு வதந்தி வந்தால், "அவ அப்படிப்பட்டவ இல்ல, எனக்குத் தெரியும்" என்று சொல்ல மறுபக்கத்தில் எத்தனை பேர் நமக்கு இருக்கிறார்கள்? நாம் எத்தனை பேருக்காக அப்படிச் சொல்வோம்?

அந்தச் சந்தையில் எனக்கு வேலை ஒன்றும் இருக்கவில்லை. நான் யாருடைய வணக்கத்திலும் சேரவில்லை. ளுஹருக்கு வீட்டுக்கு வந்து தொழுதேன், ஜும்ஆ நாளில் ஆற்றங்கரையில் இருக்கிற பெரிய பள்ளிவாசலைப் போய்ப் பார்த்தேன். 2012இல் திறந்த பள்ளி அது. கட்டுவதற்கு நகர சபையும் காசு கொடுத்தது. ஒரு காலத்தில் கொம்பு ஊதி மனிதரை வெளியேற்றிய அதே நகரம்தான்.

இந்த டிசம்பரில் அந்த டீச்சரின் வீட்டுக்கு உம்மாவையும் கூட்டிக்கொண்டு போக இருக்கிறேன், இன்ஷா அல்லாஹ். உம்மா வட்டிலப்பம் அவிப்பா. உங்களோடு வேலை செய்கிற, படித்த, கடைக்கு வருகிற ஒருவராவது அந்தப் பக்கம் இருப்பார். வீட்டு விலாசம் தெரியாவிட்டால் இப்போதே கேட்டு வையுங்கள்.

துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.