புழு சொன்ன கணக்கு

போன டிசம்பரில் சிங்கப்பூரில் அக்கா வீட்டுக்குப் பத்து நாள் போயிருந்தேன். முதல் ராத்திரியே அத்தான் டார்ச்சும் கையுமாக வந்து எழுப்பிவிட்டார்.

“மாப்ளே, சத்தம் போடாம வா. ஒண்ணு காட்டறேன்.”

ஹாலில் மூன்றடி நீளக் கடல் மீன் தொட்டி. பவளம், பாறை, கோமாளி மீன் என்று ஒரு குட்டி சமுத்திரம். விளக்கை அணைத்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. டார்ச் அடித்தார். பாறையின் பொந்துகளிலிருந்து ஆரஞ்சு நிறத்தில், இரண்டு பக்கமும் வெள்ளை முடியோடு, பூரானுக்கும் கம்பளிப்பூச்சிக்கும் பிறந்த மாதிரி... புழுக்கள்! வெளிச்சம் பட்டதும் சரேலென்று உள்ளே போய்விட்டன.

பிரிசில் வார்ம் என்று பெயர். தொட்டிக்காக வாங்குகிற கடல் பாறையின் ஓட்டைகளில் ஒளிந்துகொண்டு, டிக்கெட் எடுக்காமல் வந்து சேருகிற பயணிகள்.

அத்தானின் தூக்கம் போனதற்குக் காரணம், அவர் எங்கோ படித்துவைத்திருந்த பாரி கதை. 2009-ல் இங்கிலாந்தில், நியூகீ என்ற ஊரின் மீன் காட்சியகத்தில் மீன்கள் காணாமல் போயின. பவளம் துண்டாகிக் கிடந்தது. பாறை பாறையாகப் பிரித்துப் பார்த்தால், உள்ளே நாலடி நீளப் புழு! அதற்கு ‘பாரி’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். நம் பாரி கொடுத்துப் பேர் வாங்கினான். இந்தப் பாரி எடுத்துப் பேர் வாங்கியது. அத்தான் வீட்டில் இருந்தது அதற்கு தூரத்துச் சொந்தம்தான். ஆனால், பயத்துக்கு அது தெரியுமா?

மறுநாள் வீரத்தைக் காட்டுகிறேன் பேர்வழி என்று வெறுங்கையால் ஒன்றைப் பிடித்தேன். முடியெல்லாம் ஒடிந்து விரலில் ஏறிவிட்டது. கண்ணாடித்தூள் குத்தின மாதிரி எரிச்சல். அக்கா செலோ டேப்பை ஒட்டிப் பிய்த்து, வினிகரில் விரலை முக்கச் சொன்னாள்.

“இதுக்கா பிளைட் புடிச்சு வந்தே?”

மருந்து ஊற்றிக் கொன்றுவிடலாம் என்று மீன் கடைக்குப் போனோம். கடைக்காரச் சீனப் பெரியவர் தலையை ஆட்டினார். மொத்தப் புழுவும் பாறைக்குள்ளேயே செத்து அழுகுமாம். தண்ணீரில் அம்மோனியா ஏறுமாம். அப்புறம் மீன்தான் மிதக்குமாம். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை தீனி போடறீங்க?”

அத்தான் என்னைப் பார்த்தார். “அஞ்சு... ஆறு...”

பெரியவர் சிரித்தார். இந்தப் புழுக்களில் பெரும்பாலானவை மிச்சம் மீதியையும் செத்ததையும் தின்று தொட்டியைச் சுத்தம் செய்கிறவை. தீனி மிஞ்ச மிஞ்ச அவையும் பெருகும். குறைத்தால் குறையும். அவ்வளவுதான்.

நான் பி.காம். எனக்கு இது உடனே புரிந்தது. ஒரு பக்கம் ஏறினால் இன்னொரு பக்கமும் ஏறியே ஆக வேண்டும். புரியாதது ஒன்றுதான். ஆறு தடவை எதற்கு?

அன்று ராத்திரி அடுப்படியில் அக்கா சொன்னாள். “ரிட்டயர் ஆகி ஒரு வருஷம் ஆச்சு. பையன் மெல்போர்ன் போயிட்டான். நான் காலைல வேலைக்குப் போனா ராத்திரிதான் வர்றேன். தொட்டிகிட்ட போனா மீனெல்லாம் ஓடி வருதாம்டா. வேற யாரு வர்றா?”

மாத்திரை டப்பாவில் ஓட்டை போட்டு, உள்ளே ஒரு இறால் துண்டை வைத்து, ராத்திரி தொட்டிக்குள் இறக்கினோம். காலையில் பதினாலு புழு. தீனி ஒரே வேளை என்று முடிவாயிற்று. முதல் நாள் மத்தியானம் அத்தான் டப்பாவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி டப்பாவைப் பார்த்தார். “வாங்க அத்தான், காபி குடிச்சுட்டு வரலாம்” என்று கீழே இழுத்துக்கொண்டு போனேன். ஊருக்குக் கிளம்பும்வரை தினமும் அதுதான் வேலை.

இப்போது சாயங்காலமானால் போன் வந்துவிடுகிறது.

“மாப்ளே, நேத்து மூணே மூணுதான்!”

புழு விஷயம் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். பேச்சு அரை மணி நேரம் ஓடும். இதற்கு முன்னால் நான் அவருக்குப் போன் செய்தது தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று.

அந்தக் கணக்கில் பாக்கி என் பேரில்தான் இருந்தது.