தள்ளாட்டத்தின் பெயர்கள்

நடை பிசகினால் ஆங்கிலத்தில் அதற்குச் சொற்கள் வரிசை கட்டி நிற்கின்றன. டாடில், டாட்டர், வாடில், ஹாபில், ஸ்டாகர், லர்ச், ரீல், ஷஃபில் என்று நீண்டுகொண்டே போகும். கையடக்க அகராதியைப் புரட்டினால் பாதிக்கு மேல் ‘தள்ளாடு’ என்றே பொருள் போட்டிருப்பார்கள். ஆனால் வகுப்பில் நான் இவற்றை ஒரு பொருள் குறித்த பல சொற்கள் என்று சொல்லித் தருவதில்லை. ஒவ்வொரு சொல்லும் வேறு வேறு அசைவை உற்றுப் பார்த்ததில் பிறந்தது.

‘டாடில்’ நடை பழகும் குழந்தைக்கு உரியது. ஒரு வயது தாண்டிய பிள்ளைகளுக்கு ‘டாட்லர்’ என்ற பெயரே அதிலிருந்துதான் வந்தது. அமெரிக்க உளவியலாளர் கேரன் அடால்ஃபும் அவருடைய குழுவினரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த வயதுக் குழந்தைகள் விளையாடும்போது ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடி வைக்கிறார்கள், 17 தடவை விழுகிறார்கள் என்று கணக்கிட்டார்கள். அத்தனை முறை விழுந்தாலும் யாரும் அதைக் குறையாக எண்ணுவதில்லை. அந்தப் பரிவு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. டாடில், வாடில், ஹாபில் ஆகியவற்றின் கடைசியில் ஒலிக்கும் ‘இல்’, ஒரு செயல் திரும்பத் திரும்ப நிகழ்வதைக் காட்டும் பழைய விகுதி. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் குட்டிக் குட்டி அடிகள் காதில் விழும்.

‘டாட்டர்’ முதலில் ஊசலாடுவதைக் குறித்தது. பிறகு முதியவரின் நடைக்கும், விழப்போகும் சுவருக்கும், ஆட்டங்கண்ட அரசுக்கும் பொருந்தியது. ‘லர்ச்’ கடலோடிகளின் கொடை. கப்பல் திடீரென்று ஒரு பக்கம் சாய்வதற்கு அவர்கள் இட்ட பெயர். ‘ரீல்’ அநேகமாக நூல் சுற்றும் கருவியிலிருந்து வந்து, தலை சுற்றித் தடுமாறுபவரைப் பிடித்துக்கொண்டது. பழைய நார்ஸ் மொழி வழியாக வந்த ‘ஸ்டாகர்’, அடிபட்டவர், பாரம் சுமப்பவர், களைத்தவர் எல்லோருக்கும் உரியது. ஆனாலும் அதைக் கேட்டதும் பலர் மனத்தில் முதலில் வந்து நிற்பவர் குடித்தவர்தான்.

இந்தத் தெருச் சொற்களை மருத்துவர்கள் ஒதுக்கிவிடவில்லை. இடுப்புத் தசைகள் வலுவிழந்த சிறுவன் இருபுறமும் அசைந்து நடந்தால், வாத்து நடைக்குச் சொல்லும் ‘வாடில்’ என்பதையே இன்றும் குறிப்பில் எழுதுகிறார்கள். பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து நடப்பவருக்கு ‘ஷஃபில்’. 1817-இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் நடுக்குவாதம் பற்றி எழுதிய சிறு நூலுக்கு ஆதாரம் ஆறே ஆறு பேர். அவர்களில் சிலரை அவர் தெருவில்தான் கண்டார். உடல் முன்னே வளைவதையும், நடை தன்னை மீறி ஓட்டமாக மாறுவதையும் எழுதி வைத்தார். ஊடுகதிரும் ஸ்கேனும் இல்லாத காலம். கண்ணும் சரியான சொல்லும் மட்டுமே அவருக்குக் கருவி. அந்த நோய் இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

சொல் தவறினால் என்ன ஆகும் என்பதை என் தாய்மாமாவிடம் பார்த்தேன். அவருக்குச் சிறுமூளைத் தேய்வு. அதனால் வரும் தடுமாற்றத்தை ‘அடாக்ஸியா’ என்பார்கள். கால்களை அகட்டி வைத்து, இப்படியும் அப்படியும் சாய்ந்துதான் நடப்பார்; பேச்சும் குழறும். உடலின் சமநிலையைக் காப்பது சிறுமூளை. மதுவும் அதையேதான் தாக்குகிறது. அதனால் குடித்தவரின் நடையும் இந்த நோயாளியின் நடையும் பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும். ஒருநாள் மாலை பேருந்தில் ஏறப் போனவரை, “ஊத்திக்கிட்டு வந்துட்டியா? எறங்குய்யா” என்று நடத்துநர் கீழே இறக்கிவிட்டார். மதுவின் வாசமே அறியாத மனிதர் என் மாமா. அடுத்த வாரமே ஒரு கைத்தடி வாங்கினார். “ஊன்றதுக்கு இல்லப்பா, பாக்கிறவங்களுக்கு” என்றார். எனக்கு அன்று பதில் சொல்ல வாய் வரவில்லை.

அந்த நடத்துநரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? தள்ளாட்டம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது ஒரே காரணம்தான். ஆங்கிலச் சொற்கள் எனக்குக் கற்பித்தது இதைத்தான்: தள்ளாட்டம் ஒன்றல்ல. குழந்தையும் முதியவரும் மாலுமியும் நோயாளியும் குடித்தவரும் ஒரே காரணத்தால் சாய்வதில்லை. பெயர் வைப்பதற்கு முன் நின்று பார்த்தவர்கள்தான் அத்தனை சொற்களையும் உண்டாக்கினார்கள்.

ரத்தத்தில் சர்க்கரை இறங்கினாலும் மனிதர் தள்ளாடுவார். பக்கவாதம் சில சமயம் திடீர்த் தடுமாற்றமாகவே தொடங்கும். அது ரத்தக் கட்டியால் வந்ததானால், கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக அது தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். “குடிகாரன்” என்று நாம் விலகிப் போகும் நேரம் ஓர் உயிரின் நேரமாக இருக்கலாம். ஆகவே வழியில் யாராவது தள்ளாடி வந்தால், முதலில் அருகே போய் “என்ன செய்யுது?” என்று கேளுங்கள். குடித்தவராகவே இருந்தாலும் கேட்பதில் ஒன்றும் குறைந்துவிடாது. தடுமாற்றம் திடீரென்று வந்தது என்று தெரிந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.